பெட்டிக்குள்ள என்ன இருக்கு?

காசு குறைந்தவனும் ஓடவேண்டும் என்று எழுதின ஒரு விதி, கடைசியில் காசுள்ளவனுக்கே கைகொடுத்த கதை இது. நடந்தது அமெரிக்காவில்.

1967இல் வொல்க்ஸ்வாகன் 1600 காரில் போஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரோனிக் வந்தது. எஞ்சினுக்கு எவ்வளவு பெற்றோல் என்பதை ஒரு மின்னணுப் பெட்டி தீர்மானித்தது. 1979இல் பி.எம்.டபிள்யூ 732ஐ காரில் வந்த மோட்ரோனிக், தீப்பொறி விழும் நேரத்தையும் சேர்த்தே கவனித்தது. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இறுக இறுக, இந்த எஞ்சின் கொம்பியூட்டர் சாதாரணக் கார்களுக்கும் வந்து சேர்ந்தது.

எஸ்.சி.சி.ஏ. என்பது 1944இல் தொடங்கிய அமெரிக்க மோட்டார் விளையாட்டுக் கழகம். அதன் 'இம்ப்ரூவ்ட் டூரிங்' பிரிவு, வீட்டு வாசலில் நிற்கிற காரைக் குறைந்த செலவில் ரேஸுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கானது. அங்கேதான் சிக்கல் வந்தது. கார்புரேட்டரைக் கழற்றிப் பார்க்கலாம், பிஸ்டனை அளக்கலாம். சிப்புக்குள் மாற்றி எழுதினதை எந்தப் பரிசோதகர் கண்டுபிடிப்பார்? தடை போட்டால் நேர்மையானவன் மட்டும் பின்னுக்கு நிற்பான்.

அதனால் ஒரு நடுவழி எடுத்தார்கள். கொம்பியூட்டரை என்னவும் செய்யலாம், ஆனால் எல்லாம் கார்க் கம்பனி தந்த அதே பெட்டிக்குள் இருக்கவேண்டும். சிப் மாற்றுவதோடு ஆக்கள் நிற்பார்கள் என்ற நினைப்பு.

நின்றார்களா? வசதியானவர்கள் அவுஸ்திரேலியாவின் மோடெக் போன்ற விலைகூடிய ரேஸ் கொம்பியூட்டரின் உள்ளுறுப்புகளைப் பழைய பெட்டிக்குள் திணித்தார்கள். வெளியில் பார்த்தால் பழைய பெட்டிதான். சாமானுக்கும் காசு, அதைப் பெட்டிக்குள் அடக்குகிற வேலைக்கும் காசு. 2001அளவில் மெகாஸ்குவர்ட் என்ற, நாமே ஈயம் பற்றவைத்துச் செய்யக்கூடிய மலிவான கொம்பியூட்டர் வந்தபோதும், பெட்டி விதி அதற்குக் குறுக்கே நின்றது. கடைசியில் விதியைத் திறந்துவிட்டார்கள். அப்போதும் சண்டை ஓயவில்லை. "இவ்வளவு நாளும் கம்பனிப் பெட்டியோட ஓடினனான், இப்ப நானும் வாங்கோணுமா?" என்பது மற்றப் பக்கத்தின் நியாயம்.

பெரிய இடத்திலும் இதே தலைவலிதான். ஃபோர்முலா 1, 2008இல் எல்லா அணிக்கும் ஒரே கொம்பியூட்டரைக் கட்டாயமாக்கியது. பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் ஸ்பெக் மியாட்டாக்காரர் வேறு வழி எடுத்தார்கள்: எல்லோருக்கும் ஒரே வகை மாஸ்டா கார், கம்பனி கொம்பியூட்டர். எல்லாம் ஒரே மாதிரி என்றால் ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபம்.

இதில் எங்களுக்குப் பிடிபட்டது ஒன்று. சோதிக்க முடியாத விதி, அதை மதிக்கிறவனிடம் மட்டும் தண்டம் வாங்கும். செலவைக் குறைக்கப் போடுகிற விதி என்றால், முதலில் கேட்கவேண்டியது "எதைத் தடுக்கிறோம்?" என்று இல்லை, "இதை யார், எப்படிப் பார்க்கப்போகிறார்?" என்றுதான்.