அட்மிரல் ஜெஃப்ரி லேட்டன்: போர்க்கால இலங்கையின் கட்டளைத் தளபதி

சேர் ஜெஃப்ரி லேட்டன் (20 ஏப்ரல் 1884 – 4 செப்டெம்பர் 1964) பிரித்தானிய அரச கடற்படையின் அட்மிரல். 1942 மார்ச்சிலிருந்து 1945 தொடக்கம் வரை இலங்கையின் கட்டளைத் தளபதியாக இருந்தவர். முப்படைகளும் அவருக்குக் கீழ் இருந்தன. தேசாதிபதி சேர் அன்ட்ரூ கல்டிகொட் உட்பட சிவில் நிர்வாகமும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. கடற்போர் வரலாறுகள் அவரைத் தோல்விக் காலத்துத் தளபதிகளில் ஒருவராகச் சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடுகின்றன. நுவரெலியா, ஹட்டன் மலைத்தோட்டங்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு. தோட்டத்து மக்களுக்கு அரிசி வருமா, தேயிலை கப்பலேறுமா, கூலி கேட்டு வேலையை நிறுத்தலாமா என்பதெல்லாம் அவர் தலைமையில் இயங்கிய போர்க்கால ஆட்சியின் கையில் இருந்தன.

நீர்மூழ்கிகளில்

லிவர்பூலில் பிறந்த லேட்டன் இளவயதிலேயே நீர்மூழ்கிப் பிரிவைத் தேர்ந்துகொண்டார். 1915 ஆகஸ்டில் அவருடைய இ-13 நீர்மூழ்கி பால்டிக் கடலுக்குப் போகும் வழியில், திசைகாட்டி பழுதானதால் டென்மார்க்கின் சால்ட்ஹொல்ம் தீவருகே மணல்திட்டில் ஏறி நின்றுவிட்டது. நடுநிலை நாட்டின் கடல் அது. இருந்தும் ஜெர்மன் டோர்பிடோப் படகுகள் வந்து, அசைய முடியாமல் கிடந்த நீர்மூழ்கியின்மீது சுட்டன. கப்பலைக் கைவிட்டு நீரில் குதித்தவர்கள்மீதும் குண்டு பாய்ந்தது. டென்மார்க்கின் கப்பலொன்று குறுக்கே வந்து நின்ற பிறகே சூடு ஓய்ந்தது. 15 பேர் இறந்தார்கள். தப்பியவர்கள் டென்மார்க்கில் தடுத்துவைக்கப்பட்டனர். தப்பியோட மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க மறுத்த லேட்டன் அங்கிருந்து தப்பி இங்கிலாந்து சேர்ந்தார். 1918 ஜனவரி 31 இரவு, ஸ்கொட்லாந்தின் மே தீவருகே பிரித்தானியக் கப்பல்களே ஒன்றோடொன்று மோதி 104 பேர் மாண்ட விபத்தில், கே-4 நீர்மூழ்கியில் மோதிய கே-6இன் தளபதியும் அவரே.

இரு போர்களுக்கிடையே படிப்படியாக உயர்ந்தார். 1940இல் நோர்வே கரையோரச் சண்டைகளில் குரூசர் அணியொன்றுக்குத் தலைமை தாங்கினார். அதே ஆண்டு செப்டெம்பரில் சீன நிலையத்தின் தளபதியானார்.

சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்கு

1941 டிசம்பரில் கீழைக் கடற்படைக்கு அட்மிரல் டொம் பிலிப்ஸ் தலைமை ஏற்றார். பொறுப்பை ஒப்படைத்த லேட்டன் தாயகம் திரும்பக் கப்பலேறியும்விட்டார். டிசம்பர் 10 அன்று ஜப்பானிய விமானங்கள் பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் ஆகிய இரு பெருங்கப்பல்களையும் மூழ்கடித்தன, பிலிப்ஸ் இறந்தார். லேட்டன் கப்பலை விட்டிறங்கி மீண்டும் தலைமை ஏற்றார். சில வாரங்களில் தலைமையகம் சிங்கப்பூரை விட்டு நகர்ந்து, ஜனவரியில் கொழும்புக்கு வந்தது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 5 அன்று லேட்டன் இலங்கையின் கட்டளைத் தளபதியானார்; கப்பல்களின் தலைமை அந்த மாத இறுதியில் சேர் ஜேம்ஸ் சோமர்வில்லுக்குப் போனது.

அடுத்த அடி எங்கே விழும் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. கொழும்பின் குதிரைப் பந்தயத் திடல் விமான ஓடுதளமாக்கப்பட்டது. துறைமுகத்தில் நெருக்கியடித்து நின்ற வணிகக் கப்பல்களில் பெரும்பாலானவை முன்கூட்டியே வெளியே அனுப்பப்பட்டன. ஏப்ரல் 4 மாலை கனடிய விமானி லெனார்ட் பர்ச்சால் தெற்கே ஜப்பானியக் கப்பல் அணியைக் கண்டு செய்தி அனுப்பினார். அதை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவரது விமானம் தாக்கப்பட்டது. மறுநாள் உயிர்த்த ஞாயிறு. சுமார் 125 விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அதே நாள் கடலில் கோர்ன்வோல், டோர்செட்ஷயர் ஆகிய குரூசர்கள் மூழ்கி 424 பேர் இறந்தனர். ஏப்ரல் 9இல் திருகோணமலை தாக்கப்பட்டது. விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸும் மூழ்கியது. சோமர்வில்லின் கடற்படை ஆபிரிக்கக் கரையிலுள்ள கிலிந்தினிக்கு விலகிக்கொள்ள, தீவைக் காக்கும் பொறுப்போடு லேட்டன் இங்கேயே இருந்தார். தாக்க வந்த ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் அணி திரும்பி வரவில்லை. அது அன்று யாருக்கும் தெரியாது என்பதை மனதில் வைத்தே அவருடைய முடிவுகளை மதிப்பிட வேண்டும்.

அரிசியும் தேயிலையும்

1942 மார்ச் 8இல் ரங்கூன் வீழ்ந்தபோது இலங்கையின் சோற்றுப்பானையே ஆட்டங்கண்டது. தீவு உண்ட அரிசியில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது; அதற்கு முதன்மையான ஊற்று பர்மா. கிராமத்துக்காரனுக்குச் சொந்த வயலாவது இருந்தது. லயத்தில், அதாவது தோட்டத்தின் வரிசை வீடுகளில், இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. தோட்டமே அரிசியை நிறுத்துக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் குறித்த விலைக்கு அரிசி வழங்குவதைத் தோட்டத்தின் கடமையாக்கியிருந்தது. மலைப்பாதையில் ஒரே ரயில்தான் இரண்டையும் சுமந்தது: தலவாக்கலை, ஹட்டன் நிலையங்களிலிருந்து தேயிலைப் பெட்டி கொழும்புக்கு இறங்கும், அரிசி மூட்டை மேலே ஏறும். துறைமுகம் நின்றால் இரண்டும் நிற்கும்.

லேட்டன் தலைமையில் கூடிய போர்ச் சபையில் தேசாதிபதியும் மந்திரிகளும் சிவில் பாதுகாப்பு ஆணையாளர் ஒலிவர் குணத்திலக்கவும் அமர்ந்தார்கள். உணவுப் பங்கீடு இறுகியது. அரிசி குறைந்த இடத்தைக் கோதுமை மாவு நிரப்பியது. பங்கீட்டு அரிசியோடு ரொட்டி தட்டிச் சாப்பிடும் வழக்கம் லயங்களில் வேரூன்றியது. தேயிலையைப் பிரித்தானிய உணவு அமைச்சு மொத்தமாக வாங்கியது. மலாயாவை இழந்த நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் தரும் முதன்மை இடமாகவும் இலங்கை ஆகிவிட, தாழ்நிலத் தோட்டங்களில் மரத்தின் நாளையைப் பாராமல் பால் வெட்டினார்கள்.

இந்த உற்பத்தியைத் தந்த கைகளின் நிலையையும் சொல்ல வேண்டும். 1939 ஆகஸ்டிலிருந்து பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குப் புறப்படுவதை இந்திய அரசு தடுத்திருந்தது. இருந்தவர்களே முழு வேலையையும் சுமந்தார்கள். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அந்த ஆண்டின் போராட்டங்களால் தொழிற்சங்கங்களோடு பேசத் தோட்டச் சொந்தக்காரர்கள் இறங்கிவந்து ஏழு அம்ச ஒப்பந்தம் செய்தார்கள். போர் நெருங்கியதும் அந்தக் கதவு மறுபடி சாத்தப்பட்டது. 1942இல் இடதுசாரி லங்கா சமசமாஜக் கட்சி தடைசெய்யப்பட்டது. அத்தியாவசியத் தொழில்களில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் உத்தரவும் வந்தது. போர் தேவைப்படுத்திய கட்டுப்பாடுகளில் மிகப் பாரமானது இது என்றே கருத வேண்டும்: பண்டத்தின் விலை ஏறிக்கொண்டிருக்க, கூலி கேட்கும் வழி அடைபட்டது.

இடம்பெயர்ந்து வந்தவர்களுக்குப் புகலிடமாகவும் மலைநாடு பயன்பட்டது. கொழும்பின் கல்லூரிகள் சில பண்டாரவளைக்கும் குருத்தலாவைக்கும் கிளை வைத்தன. தியத்தலாவையில் கடற்படையினருக்கு ஓய்வு முகாம் இருந்தது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகமும் டெல்லியிலிருந்து பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வந்தது.

அரசியல் பங்கு

கரடுமுரடான பேச்சுக்குப் பேர்போன லேட்டன், இலங்கை மந்திரிகளின் ஒத்துழைப்பில்லாமல் தீவைக் காக்க முடியாது என்பதைத் தெளிவாக உணர்ந்திருந்தார். போருக்குப் பின் உள்நாட்டு விவகாரங்களில் முழுப் பொறுப்பாட்சி தருவதாக உறுதி கொடுக்கும்படி கல்டிகொட்டும் அவரும் லண்டனை வற்புறுத்தினர். 1943 மே 26 அறிவிப்பு அதன் பயன். அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராய சோல்பரி ஆணைக்குழு 1944 டிசம்பரில் வந்தது. தோட்டத் தொழிலாளரின் அமைப்பான இலங்கை இந்தியர் காங்கிரசும் அதன்முன் சாட்சியம் அளித்தது. 1947 தேர்தலில் மலைநாட்டில் அக்காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், யுத்தகாலம் முழுக்கக் கொழுந்தெடுத்தவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது.

அதற்குள் லேட்டன் இலங்கையை விட்டுப் போயிருந்தார். 1945இல் பொறுப்பு லெப்டினன்ட் ஜெனரல் வெதரோலிடம் சென்றது. லேட்டன் போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்தின் தளபதியாக இருந்து 1947இல் ஓய்வுபெற்றார்.