கண்ணாடி மாளிகையின் புகையிரத நிலையம்

புகையிரதப் பாதைகள் திறக்கப்பட்ட நாட்களையே நாம் படிக்கின்றோம். மூடப்பட்ட நாட்களை எவரும் நமக்குக் கற்பிப்பதில்லை. கண்டி மலைகளின் கோப்பியைத் துறைமுகத்திற்கு இறக்குவதற்கென அமைந்த நமது பாதையின் முதற்பகுதி, கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை, 1865 ஒக்டோபரில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அதற்கு இரு மாதங்களுக்கு முன், அதே ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதி, லண்டனின் தென்புறநகரில் ஒரு நிலையம் திறந்தது. அதன் பெயர் கிறிஸ்டல் பலஸ் மேல்நிலையம். அங்கு கோப்பி மூட்டை ஏறவில்லை. வேடிக்கை பார்க்கச் சென்றோர் ஏறி இறங்கினர்.

1851இல் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு ஜோசப் பக்ஸ்டன் இரும்பாலும் கண்ணாடியாலும் ஒரு மாளிகை வகுத்தார். பஞ்சாபிலிருந்து கவர்ந்த கோஹினூர் வைரமும் அங்கே காட்சிக்கிருந்தது. பின்னர் மாளிகையைப் பெயர்த்துச் சிடனம் குன்றின்மேல் முன்னிலும் பெரிதாக எழுப்பினர். 1853இல் அங்கு சாரம் சரிந்து 12 தொழிலாளர் மாண்டனர். மறு ஆண்டு விக்டோரியா மகாராணி மாளிகையைத் திறந்துவைத்தார்.

குன்றின் அடியில் ஒரு கம்பனியின் நிலையம் ஏற்கெனவே இருந்தது. இலாபப் போட்டி சும்மா இருக்குமா? வேறொரு கம்பனி நண்ஹெட்டிலிருந்து தனிப் பாதை போட்டு, மாளிகையின் வாசலருகிலேயே இரண்டாவது நிலையத்தைக் கட்டியது. வரைந்தவர் எட்வேட் மிடில்டன் பரி. நிலையத்திலிருந்து வீதிக்கு அடியால் மாளிகைக்குச் செல்லும் சுரங்கவழி ஒன்றும் அமைந்தது. எண்கோணத் தூண்கள் பனையோலைபோல் மேலே விரிந்து, செம்மையும் வெண்மையுமான செங்கற்களால் விதானம் தாங்கும். முதல் வகுப்புப் பயணிகளுக்காகவே அவ்வழி வைக்கப்பட்டதென்பர். கலைப்பொருளையும் உலக அறிவையும் மக்களுக்குக் காட்டுவதாகச் சொன்ன மாளிகைக்குள் போகும் வழியிலேயே வகுப்பு நின்றது! ஆரம்ப ஆண்டுகளில் ஞாயிறு தோறும் அது பொதுமக்களுக்கு மூடியே கிடந்தது; கூலி உழைப்பாளிக்கோ ஓய்வென்றால் அந்த ஒரு நாள்தான்.

அந்தச் செங்கல் வேலைக்கு இத்தாலியிலிருந்து தேவாலயக் கொத்தர்களை வரவழைத்தார்கள் என்றொரு கதை வழங்குகிறது. அதற்குச் சான்று எதுவும் அகப்படவில்லை. உள்ளூர்க் கொத்தனுக்கு அந்தத் திறமை இருக்கலாம் என்று நம்ப மனிதருக்கு ஏன் இத்தனை தயக்கம்?

பாதையை இயக்கிய லண்டன், சத்தம், டோவர் கம்பனி மறு ஆண்டே, 1866இன் வங்கி நெருக்கடியில், முறிந்தது. ஆயினும் வண்டிகள் ஓடின. வழிநெடுக வீடுகள் முளைத்தன. போரினால் பிரான்ஸிலிருந்து லண்டனுக்கு வந்திருந்த ஓவியர் கமில் பிசாரோ, 1871இல் இப்பாதையிலுள்ள லோட்ஷிப் லேன் நிலையத்தை வரைந்தார். புதிய வீடுகள், வெறும் புற்சரிவு, நடுவே நம்மை நோக்கி வரும் எஞ்சின். அந்த ஓவியத்தை ஆராய்ந்தபோது, சரிவில் அரிவாளுடன் நின்ற ஒரு மனிதனை அவர் முதலில் தீட்டிப் பின்னர் நிறம் பூசி மறைத்தது தெரியவந்தது. உழைப்பாளர்பால் பரிவுடைய கலைஞர் அவர். காட்சியின் ஒழுங்கிற்காகவே அதைச் செய்திருக்கலாம். ஆனால் புல்லறுத்தவன் அந்தச் சரிவிலிருந்து உண்மையிலேயே மறைந்துகொண்டிருந்த காலம் அது.

1936 நவம்பர் 30 இரவு மாளிகை எரிந்து சாம்பலாயிற்று. வேடிக்கைக்கென வந்த பாதைக்கு வேடிக்கை இல்லாமற் போயிற்று. அதற்கு முன்னரே, முதல் உலக யுத்தத்தின்போது, 1917 முதல் 1919 வரை பாதை மூடிக்கிடந்தது. இரண்டாவது யுத்தத்தில் குண்டு விழுந்த இரவுகளில் அயலவர் அச்சுரங்கவழியில் படுத்துறங்கினர். எந்த வகுப்புச் சீட்டென்று எவரும் கேட்கவில்லை. 1944இல் மீண்டும் நின்ற வண்டிகள் 1946இல் திரும்பின. பயணிகள் திரும்பவில்லை. 1954 செப்டெம்பரில் பாதை அடியோடு மூடப்பட்டது. 1961இல் நிலையத்தை இடித்தனர்.

சுரங்கவழி மட்டும் வீதிக்கடியில் பல்லாண்டு பூட்டிக்கிடந்தது. அண்மையில் அதைச் செப்பனிட்டு, 2024இல் மக்கள் பார்வைக்குத் திறந்தனர். மேடைகள் இருந்த நிலத்தில் இப்போது வீடுகள் நிற்கின்றன. அவற்றின் பின்னே, பழைய நிலையத்தின் செங்கல் அணைசுவர் இன்றும் குன்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.