கப்பல் சுற்றுலாவும் கரையூர்களின் வருவாயும்

ஓர் ஊருக்குப் போய்ச் சேர்வதற்காக அல்லாமல், கப்பலிலேயே தங்கி, உண்டு, பொழுதைக் கழிப்பதற்காக மேற்கொள்ளும் கடற்பயணம் கப்பல் சுற்றுலா எனப்படுகிறது. வழியில் உள்ள துறைமுகங்களில் கப்பல் சில மணி நேரம் நிற்கும். பயணிகள் இறங்கி ஊரைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்ப ஏறிவிடுவார்கள். உலக அளவில் 2019இல் ஏறத்தாழ 2.97 கோடிப் பேர் இப்படிப் பயணம் செய்தனர். கொரோனாவால் 2020 மார்ச்சில் அடியோடு நின்ற இத்தொழில், 2023இல் 3.17 கோடிப் பயணிகளோடு பழைய அளவையும் தாண்டியது. இந்தியாவில் 2023-24இல் இந்த எண்ணிக்கை சுமார் 4.7 லட்சம்.

இதனால் துறைமுகத்துக்கும் அதைச் சுற்றி வாழும் மக்களுக்கும் எவ்வளவு கிடைக்கிறது என்பது உலகெங்கும் விவாதத்தில் உள்ள கேள்வி. கடலே இல்லாத திண்டுக்கல் மாவட்டத்துக்கும் இதில் கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. பழனிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் கூட்டத்தைத் தன் சமவெளிச் சாலைகளில் ஆண்டு முழுதும் சுமக்கும் மாவட்டம் இது.

பணம் போகும் வழி

சுற்றுலாப் பயணி ஓர் ஊரில் விடும் பணத்தில் பெரும்பகுதி தங்கும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் போகிறது. கப்பல் பயணி இவை இரண்டுக்கும் ஏறும்போதே பணம் கட்டிவிடுகிறார். எனவே 2,000 பேர் இறங்கினார்கள் என்பதால் 2,000 விருந்தினர் வந்ததாகக் கணக்குப் போட முடியாது. எல்லாரும் இறங்குவதும் இல்லை. இறங்குபவர்களில் பலர் கப்பலிலேயே விற்கப்படும் சுற்றுலாச் சீட்டை வாங்கி, ஏற்பாடு செய்த பேருந்தில் ஏறிப் போய்விடுகிறார்கள். அந்தச் சீட்டின் விலையில் கணிசமான பங்கைக் கப்பல் நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. மிச்சம்தான் உள்ளூர் ஏஜென்ட், பேருந்துக்காரர், வழிகாட்டி, கமிஷன் கொடுக்கும் கடைக்காரர் என்று பிரிகிறது. கொச்சியில் வெலிங்டன் தீவில் கப்பல் அணையும் நாளில், சீட்டு வாங்காமல் இறங்கும் பயணியைத்தான் கேட்டுக்கு வெளியே ஆட்டோக்காரர்கள் எதிர்பார்த்து நிற்கிறார்கள். கோட்டைக் கொச்சி, சீன வலைகள், மட்டாஞ்சேரி என்று ஒரு சுற்று கிடைத்தால் அன்றைய வருமானம் உறுதி.

கணக்கில் பெரும்பாலும் விடுபடுபவர்கள் கப்பல் ஊழியர்கள். மாதக்கணக்கில் கடலில் இருக்கும் இவர்கள் கரையேறியதும் சிம் கார்டு, வீட்டுக்குப் பணம் அனுப்பும் கடை, மருந்து, சோப்பு, ஒரு வேளை நல்ல சாப்பாடு என்று தேடிப் போகிறார்கள். பேருந்து ஏறாமல், துறைமுகத்தை ஒட்டிய தெருக்களிலேயே செலவழிக்கும் வாடிக்கையாளர்கள் இவர்கள்.

துறைமுகத்தின் நேரடி வருமானம் துறைமுகக் கட்டணம், கப்பலை உள்ளே கொண்டுவரும் பைலட் கட்டணம், இழுவைப் படகு, பெர்த் வாடகை, தலைக்கு ஒரு வரி ஆகியவை. கப்பல்களை ஈர்க்கும் போட்டியில் இவற்றை அரசுகளே குறைத்துவிடுகின்றன. இந்தியக் கப்பல் போக்குவரத்து அமைச்சகம் 2020இல் இக்கட்டணங்களைப் பாதிக்கும் கீழே இறக்கியது.

கப்பல் ஒரு துறைமுகத்திலிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்பினால் நிலைமை மாறுகிறது. வெளியூர்ப் பயணிகள் முதல் நாளே வந்து லாட்ஜ் எடுப்பார்கள்; கார் பிடிப்பார்கள். கப்பலும் குடிநீர், எரிபொருள், அரிசி, காய்கறி, முட்டை எல்லாவற்றையும் அங்கேதான் ஏற்றும். ஊருக்கு உண்மையான லாபம் புறப்பாட்டுத் துறைமுகத்தில் இருக்கிறது. இடைநிற்பில் கிடைப்பது அதன் ஓரம்தான்.

சென்னை

தமிழ்நாட்டில் அப்படி ஒரு புறப்பாட்டுத் துறைமுகம் சென்னை. கோர்டெலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பலை 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். 1990இல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் ஓடத் தொடங்கிய இக்கப்பல் சுமார் 1,800 பயணிகளை ஏற்றக்கூடியது. நடுக்கடல் வரை போய் இரண்டே இரவில் திரும்பும் பயணமும், விசாகப்பட்டினம் போய்வரும் ஐந்து நாள் பயணமும் அறிவிக்கப்பட்டன. மும்பையை மையமாகக் கொண்ட கப்பல் ஜூனில் சென்னைக்கு வந்ததற்குக் காரணம் தென்மேற்குப் பருவமழை. அம்மாதங்களில் அரபிக்கடல் கொந்தளிக்கும். வங்கக்கடலின் இக்கரை ஒப்பளவில் அமைதியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகைப் புயல் காலம் வந்தால் நிலைமை தலைகீழ். ஆகவே சென்னைக்குக் கிடைத்த வேலைகளும் பருவ வேலைகளாகவே இருந்தன.

சென்னையில் இறங்கும் வெளிநாட்டுப் பயணிகள் பார்க்கப் போவது மாமல்லபுரமும் காஞ்சிபுரமும். மாமல்லபுரம் 60 கிலோமீட்டர் இருக்கும். நெரிசலில் போகவர நான்கு மணி நேரம் போய்விடும். கல்தச்சரிடம் நின்று பேசி ஒரு சிலை வாங்க அவகாசம் இல்லை. பேருந்து எந்தக் கடை முன் நிற்கிறதோ அந்தக் கடைக்குத்தான் வியாபாரம்.

கட்டடம் கட்டினால் கப்பல் வரும் என்ற நம்பிக்கைக்கும் இங்கே ஒரு பாடம் உண்டு. விசாகப்பட்டினத்தில் சுமார் 96 கோடி ரூபாயில் எழுப்பிய பயணிகள் முனையம் 2023 செப்டம்பரில் திறக்கப்பட்டது; அதன்பின் அங்கே வந்த கப்பல்கள் மிகச் சில. 2024 செப்டம்பர் 30 அன்று தொடங்கிய 'குரூஸ் பாரத்' இயக்கம் 2029க்குள் பயணிகளை இரட்டிப்பாக்க விரும்புகிறது. இலக்குகளில் பயணிகளின் எண்ணிக்கைக்குக் கிடைக்கும் இடம், ஊருக்குள் தங்கும் பணத்துக்கும் கிடைக்க வேண்டும்.

புதுச்சேரியும் காங்கேசன்துறையும்

2022இல் இதே 'எம்ப்ரஸ்' கப்பல் புதுச்சேரிக் கடலோரம் வந்தபோது, கப்பலில் சூதாட்டம் இருப்பதைக் காட்டி எழுந்த எதிர்ப்பால் பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. 2025 ஜூலை 4 அன்றுதான் பயணிகள் சிறு படகுகளில் கரைக்கு வந்தனர். இத்தனை பெரிய கப்பல் அணையும் பெர்த் அங்கே இல்லை என்பதால், ஏறி இறங்குவதிலேயே கரையில் கிடைக்கும் நேரம் மேலும் சுருங்கும்.

இக்கப்பலின் இலங்கைப் பயணத்தைச் சென்னையில் 2023 ஜூன் 5 அன்று மத்திய அமைச்சர் சர்வானந்த சோனோவால் தொடங்கிவைத்தார். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை மூன்றிலும் கப்பல் நின்றது. போரில் மக்கள் குடிபெயர்ந்து, சிமென்ட் ஆலையும் மூடிக் கிடந்த காங்கேசன்துறைக்கு நூற்றுக்கணக்கான பயணிகள் ஒரே நாளில் வந்தது பெரிய நிகழ்வு. ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத் தொடங்கிய பயணிகள் படகையும் உடன்வைத்துப் பார்க்க வேண்டும். சில நாளில் நின்றுபோய், 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற படகோடு மீண்டும் தொடங்கிய அச்சேவையில் ஒரு தடவைக்கு 150 பேர்தான் போகலாம். அவர்கள் யாழ்ப்பாணத்தில் அறை எடுக்கிறார்கள், கடைகளில் சாப்பிடுகிறார்கள், நல்லூருக்கு ஆட்டோ பிடிக்கிறார்கள். ஊர்க்காரருக்குச் சொகுசுக் கப்பலைவிட இந்தச் சிறு படகே மேல் என்பது என் துணிபு.

வரம்பு கட்டிய ஊர்கள்

வெனிஸின் ஜுதெக்கா கால்வாயில் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் 2021 ஆகஸ்ட் 1 முதல் தடைசெய்யப்பட்டன. குரோஷியாவின் துப்ரோவ்னிக், ஒரே நேரத்தில் நிற்கும் கப்பல்களை இரண்டாகக் குறைத்தது. அமெரிக்காவின் பார் ஹார்பர் ஊர் மக்கள் 2022இல் வாக்களித்து, நாளைக்கு 1,000 பேருக்கு மேல் இறங்கக் கூடாது என்றனர். அலாஸ்காவின் ஜூனோவில் 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள்தான். இவை சுற்றுலாவை வெறுத்த ஊர்கள் அல்ல. குப்பை, தண்ணீர், நெரிசல் ஆகியவற்றின் செலவு ஊர் தலையில் விழ, வருமானம் கப்பலோடு திரும்பிப் போவதைக் கண்ட ஊர்கள். ஹெய்தியின் லபாடி கடற்கரையில் இதன் கடைக்கோடியைக் காணலாம். கப்பல் நிறுவனம் குத்தகைக்கு எடுத்து வேலியிட்ட அந்த இடத்தில் இறங்கிய பயணி, நாட்டின் எந்த ஊருக்குள்ளும் போகாமலே திரும்பிவிட முடிந்தது.

திண்டுக்கல் சமவெளி

இதே கணக்கைத் தரையில் போட்டுப் பார்க்கத் திண்டுக்கல் நல்ல இடம். தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கமிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடந்து போகும் பாதயாத்திரைக் கூட்டம் வழியெங்கும் தங்கித் தங்கிப் போகிறது. அன்னதானம் ஒருபுறம் இருக்க, டீக்கடை, இளநீர், செருப்பு, மருந்து என்று ஊர் ஊராகச் சிறு காசு இறங்குகிறது. ஊருக்குத் திரும்பும்போது பஞ்சாமிர்தம் வாங்காமல் வருபவர் அரிது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அதில் சேரும் விருப்பாச்சி வாழைப்பழம் இம்மாவட்டத்து மலைகளில் விளைவது. அந்தப் பழத்துக்கும் தனிக் குறியீடு உண்டு. பயணி எடுத்துப் போகும் பொருள் அந்த மண்ணிலேயே விளைந்ததாக இருந்தால் பணம் விவசாயி வரை போகும். துறைமுகக் கடையில் வெளியிலிருந்து வந்த பொம்மையை வாங்கினால் அது நடக்காது.

கொடைக்கானல் போகும் கூட்டம் வேறு மாதிரி. செம்பட்டி, வத்தலக்குண்டு வழியாக விடிகாலையில் ஏறி இரவில் இறங்கும் வேன்கள் பல. சமையல்காரர், கேஸ் சிலிண்டர், அண்டா, இலைக்கட்டு எல்லாம் வண்டியிலேயே வரும். சாலையோர மரத்தடியில் அடுப்பு மூட்டிச் சாப்பிட்டுவிட்டு, இலைகளை அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள். அடுக்களையைக் கூடவே கொண்டுவரும் சொகுசுக் கப்பலின் பொருளாதாரம்தான் இதுவும். வத்தலக்குண்டுக்கு மிஞ்சுவது நெரிசலும் பெட்ரோல் பங்க் வியாபாரமும்.

நெரிசலைக் காரணங்காட்டி, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வந்தது. வண்டியின் வகை, ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றோடு, வருபவர் அன்றே திரும்புகிறாரா, இரவு தங்குகிறாரா என்பதையும் கேட்டுப் பதிவுசெய்ய நீதிமன்றம் சொல்லியிருந்தது. சென்னையிலும் புதுச்சேரியிலும் கப்பலிலிருந்து இறங்குபவர்களிடம் கேட்டுக் கணக்கு வைக்க வேண்டிய கேள்வியும் இதுதான்.