1.0 வராத இயங்குதளத்துக்கு யார் சம்பளம் கொடுப்பது?

2000-ம் வருஷம் நான் பி.இ. படிச்சுக்கிட்டிருந்தேன். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில் பிஓஎஸ் 5 பெர்சனல் எடிஷன் இருந்தது. விண்டோஸுக்குள்ளேயே 512 எம்பிக்கு ஒரு கோப்பாக உட்கார்ந்துகொள்ளும். அதிலிருந்து பூட் பண்ணினால், ஹாஸ்டலின் பழைய பெண்டியத்தில் நாலு வீடியோ ஒரே நேரத்தில் தடுக்காமல் ஓடியது. அறையில் இருந்த ஆறு பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். (பி.இ. படிக்கிறவன் 'பி' கம்பெனி ரசிகன் ஆனதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் பண்ணினார்கள்.)

அடுத்த வருஷமே அந்தக் கதை முடிந்துவிட்டது. ஆப்பிளிலிருந்து வெளியே வந்த ழான்-லூயி கஸே 1990-ல் தொடங்கிய பி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை, 2001-ல் பாம் நிறுவனம் சுமார் 1.1 கோடி டாலருக்கு வாங்கியது. 1996-ல் ஆப்பிள் இதே நிறுவனத்தை வாங்கப் பேசி, விலை படியாமல், நெக்ஸ்டை 40 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது நினைவிருக்கலாம். ஐந்தே வருஷத்தில் அவ்வளவு சரிவு.

ஆனால் ரசிகர்கள் விடவில்லை. அதே 2001-ல் 'ஓப்பன்பிஓஎஸ்' என்று ஆரம்பித்தார்கள். பழைய நிரல்களை அப்படியே ஓட்டும் இயங்குதளத்தை முதலிலிருந்து எழுதுவது திட்டம். வர்த்தகப் பெயர்ச் சிக்கலால் 2004-ல் பெயர் 'ஹைக்கூ' ஆனது. பிஓஎஸ்ஸின் பிரவுசர் பிழைச் செய்திகளை ஹைக்கூ கவிதையாகக் காட்டும், அதை வைத்து வந்த பெயர். முதல் ஆல்ஃபா 2009 செப்டம்பரில் வந்தது. எட்டு வருஷம்! அத்தனையும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, ராத்திரியில் உட்கார்ந்து எழுதியது.

என் ஆர்வம் நுட்பத்தைவிட, பணம் எப்படி நடந்தது என்பதில்தான். 2003-லேயே நியூயார்க்கில் ஹைக்கூ இன்க் என்ற லாபநோக்கற்ற அமைப்பைப் பதிவு செய்துவிட்டார்கள். அதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. அந்த அமைப்பு நன்கொடை வாங்கும், சர்வர் செலவைப் பார்க்கும், தேவைப்பட்டால் ஒப்பந்தத்தில் ஆள் வைக்கும். ஆனால் எந்தக் குறியீடு உள்ளே போகணும், எது கூடாது என்பதை டெவலப்பர்கள்தான் முடிவு பண்ணுவார்கள். கல்லாப்பெட்டிச் சாவி ஒரு கையில், வரைபடம் இன்னொரு கையில்.

இதே மாதிரி சின்னச் சமூகங்களில் வேறு வழியும் உண்டு. அமிகா உலகத்தில், குறிப்பாக ஏரோஸ் திட்டத்தில், ஒரு வேலைக்கு இவ்வளவு என்று எல்லோரும் சேர்ந்து பணம் போட்டு வைப்பார்கள், முடித்தவர் எடுத்துக்கொள்வார். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா மென்பொருளில் இருபது வருஷம் குப்பை கொட்டினவனுக்குத் தெரியும், எழுதி முடித்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது. கும்பாபிஷேகத்துக்கு அள்ளிக் கொடுக்கிற ஊரில், தினம் விளக்குக்கு எண்ணெய் வாங்கக் காசு இருக்காது. ஒரு டிரைவருக்குப் பணம் போடுவார்கள். மூணு வருஷம் கழித்து கெர்னல் மாறும்போது அதைத் திருத்துவதற்கு யார் போடுவார்கள்?

ஹைக்கூ இன்க் தன் பணத்தில் முதலில் குறுகிய ஒப்பந்தங்கள் போட்டது. 2012, 2013 வாக்கில் பேக்கேஜ் மேனேஜ்மென்ட், ஷெட்யூலர், வெப்கிட் பிரவுசர் எஞ்சின். ஏற்கெனவே அந்தத் திட்டத்தில் இருந்தவர்களையே கூப்பிட்டார்கள். வேலை நன்றாக வந்தது. ஆனால் பேக்கேஜ் மேனேஜ்மென்ட் உள்ளே வந்ததும் கட்டமைப்பே மாறிவிட்டது. சுற்றியிருந்த மிச்ச வேலை மறுபடி தன்னார்வலர்கள் தலையில். 2012 நவம்பரில் ஆல்ஃபா 4 வந்தது. முதல் பீட்டா 2018 செப்டம்பரில். நடுவில் கிட்டத்தட்ட ஆறு வருஷம். அதற்குக் காரணம் ஒப்பந்தம்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய மாற்றத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, அதைப் பழக்கும் வேலைக்குக் கொடுக்காமல் விட்டால் இப்படித்தான் இழுக்கும் என்பது என் கணிப்பு.

2021-ல்தான் அசல் முடிவு. பல வருஷமாகச் சும்மாவே உழைத்துக்கொண்டிருந்த ஒரு டெவலப்பரை ஒப்பந்தத்தில் முழுநேரமாக வைத்தார்கள். கூடவே இருபது பேர் காசு வாங்காமல் எழுதும்போது ஒருத்தருக்கு மட்டும் மாசச் சம்பளம். நம்ம ஊர் சங்கம் எதிலாவது இதைச் செய்து பாருங்கள், அடுத்த கூட்டத்திலேயே பிளவு வரும். இங்கே ஏன் வரவில்லை? ஒரு காரணம், அவருக்குக் கிடைத்தது சம்பளம் மட்டும்தான், கூடுதல் ஓட்டு இல்லை. இன்னொன்று, அவர் எடுத்துக்கொண்ட வேலைகள் மற்றவர்கள் தொடத் தயங்கியவை. கெர்னல் கிராஷ், வருஷக்கணக்காகத் திறந்தே கிடந்த பிழைகள், ஓப்பன்பிஎஸ்டியின் வைஃபை டிரைவர்களை ஓட வைக்கும் இணக்க அடுக்கு. எண்ணெய் ஊற்றும் வேலை. 2022 டிசம்பரில் பீட்டா 4, 2024 செப்டம்பரில் பீட்டா 5.

இன்னும் 1.0 வரவில்லை. நன்கொடை குறைந்தால் அந்த ஒரு ஒப்பந்தமும் போகும். அவர் போனால் என்ன ஆகும் என்ற கேள்வியை நானும் என் மேனேஜரிடம் எத்தனையோ தடவை வேறு ஆட்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், ஒருமுறையும் நல்ல பதில் வந்ததில்லை. மாசா மாசம் வரும் ஹைக்கூ வேலை அறிக்கையை இப்போது தவறாமல் படிக்கிறேன். பெரும்பாலும் சின்னச் சின்னத் திருத்தங்கள்தான். படித்து முடித்ததும் டீ ஒன்றின் விலை மாதிரி ஒரு சின்னத் தொகையை அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுவேன்.