துறைமுகம் இல்லாத பண்டார்

ஊர்ப்பெயர்கள் நிலத்தின் வரலாற்றோடு சொற்களின் வரலாற்றையும் தாங்கி நிற்பவை. நம் பண்டார் தெங்காராவின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘பண்டார்’ பாரசீகச் சொல். துறைமுகம் என்பதே அதன் முதற்பொருள். ஈரானின் பந்தர் அப்பாஸ் இன்றும் அப்பொருளில் வழங்குகிறது. ‘தெங்காரா’ மலாய்மொழியில் தென்கிழக்கைக் குறிக்கும். ஆயினும் நம் ஊரில் கடலும் இல்லை. கப்பல் துறையும் இல்லை.

மலாக்கா சுல்தான்களின் காலத்தில் துறைமுக அதிகாரி ‘ஷாபண்டார்’ எனப்பட்டார். அங்கிருந்த நால்வருள் ஒருவர் தமிழ்க் கரையிலிருந்தும் வங்காளம், பெகு, பாசாய் ஆகிய இடங்களிலிருந்தும் வந்த வணிகரைக் கவனித்தார். துறைமுகங்களே பெருநகரங்களாக விளங்கியமையால், பண்டார் என்னும் சொல் மலாயில் நகரையும் குறிக்கலாயிற்று. 1972இல் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியமாகிய கெஜோரா அமைக்கப்பட்டது. அதன் நிலத்திட்டத்தில், செம்பனைத் தோட்டங்களிடையே எழுந்த நம் ஊர் இப்புதுப்பொருளிலேயே ‘பண்டார்’ ஆயிற்று.

இதற்கு நேர்மாறான சான்று ஜெர்மனியில் உண்டு. ரைன் ஆற்றங்கரையில் உள்ள கொலோன் நகரைக் கி.பி. 50இல் உரோமப் பேரரசர் கிளாடியஸ் ‘கொலோனியா’ என்னும் தகுதிக்கு உயர்த்தினார். அங்குப் பிறந்த அரசி அக்ரிப்பினாவின் பெயரும் நகர்ப்பெயரில் இணைந்தது. காலப்போக்கில் அந்நீண்ட பெயரின் முதற்சொல் மட்டுமே எஞ்சி, ஜெர்மானியர் நாவில் ‘கெல்ன்’ எனத் தேய்ந்தது. கொலோனியா என்னும் இலத்தீன் சொல்லின் வேர், ‘உழுது பயிரிடு’ எனப் பொருள்படும் வினையாகும். உழவைக் குறித்த சொல் பெருநகரின் பெயராயிற்று. துறைமுகத்தைக் குறித்த சொல் பயிர்நிலத்து ஊருக்குப் பெயராயிற்று.

கொலோனின் பெயர்வரலாறு ஒலியை மட்டும் நம்பி எழுதப்பட்டதன்று. உரோமர் எழுப்பிய வடவாயிலின் வளைவில், பழம்பெயரின் நான்கு முதலெழுத்துகளும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. இங்கேதான் நமக்கு எச்சரிக்கை தேவை. ‘தெங்காரா’ என்றதும் ‘தென்கரை’ எனத் தமிழ்ச்செவி கேட்பது இயல்பே. ஆனால் ஒலி ஒப்புமை ஆய்வின் தொடக்கமே தவிர முடிவாகாது. பெயரின் மிகப் பழைய எழுத்துவடிவம் யாது? பெயரிட்டவர் யாவர்? அவர்காலத்தில் அச்சொல் என்ன பொருள் தந்தது? இம்மூன்றையும் வினவாமல் ஒரு பெயரைத் தமிழென்று உரிமை கொண்டாடினால், மெய்யான தமிழ்ச்சுவடுகளும் ஐயத்திற்கு உள்ளாகும். மாணவர்க்கு ஊர்ப்பெயர் கற்பிக்கும்போது இவ்வினாக்களிலிருந்தே நாம் தொடங்குவோம்.