கூலிநாளும் ஒரு நிமிடச் சோதனையும்: தமிழகப் புற்றுநோய்த் தடுப்பும் சிவகாசிப் பெண் தொழிலாளர்களும்

முன்னுரை

சிவகாசி வட்டாரத்தில் ஆலையை ‘ஆபீஸ்’ என்பது வழக்கம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் 1923இல் இங்கே வேர்விட்டது. பட்டாசும் அச்சும் பின்னால் சேர்ந்தன. சரம் பின்னுவதும் பெட்டி ஒட்டுவதும் பெரும்பாலும் பெண்கள் கையில்தான். முடித்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. போகாத நாளுக்குக் கூலி இல்லை. இவர்களுக்கும் ஒரு மருத்துவச் சோதனைக்கும் இடையே உள்ள தூரத்தை, இழக்கும் கூலியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அந்தத் தூரம் தமிழகத்தில் எப்படிக் குறைந்து வந்தது, இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அடையாறு: நோயாளி தேடி வந்த காலம்

உடன்பிறந்த சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் வழியே அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கினார். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் சேர்ந்து 2021இல் மறையும்வரை அங்கேயே உழைத்த டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். புற்றுநோய் என்றாலே சாவு என்று ஊர் நம்பிய காலத்தில், குணமாகித் திரும்பியவர்களே அந்த நம்பிக்கையை உடைத்தார்கள். ஆனாலும் நோய் முற்றிய பின்பு நெடுந்தூரம் பயணப்பட்டு வந்தவர்கள் ஏராளம்.

அம்பிளிக்கை: சோதனை ஊருக்குள் வந்தது

அடுத்த திருப்பம் திண்டுக்கல் மாவட்டத்தில் நிகழ்ந்தது. அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மையமும் டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன் பணியாற்றிய பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் இணைந்து, 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வை நடத்தின. 2000 முதல் 2003 வரை 31,343 பெண்களுக்குச் சோதனை நடந்தது. சோதித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள்.

முறை எளியது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்துக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாற்றமடைந்த திசு இருந்தால் அந்த இடம் வெளுத்துத் தெரியும். நுண்ணோக்கியும் வேண்டாம், முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம்.

2007இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது. சோதனை வாய்ப்புப் பெறாத குழுவைவிட, பெற்ற குழுவில் நோய் கண்டவர்கள் 25 சதவீதமும், இறந்தவர்கள் 35 சதவீதமும் குறைவு. முன்நிலை மாற்றம் கண்டவர்களில் 72 சதவீதத்தினர் சிகிச்சையும் பெற்றிருந்தனர். சோதனையோடு சிகிச்சையும் எட்டும் தூரத்தில் இருந்ததால்தான் உயிர்கள் தப்பின. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் நடந்து 2009இல் வெளியான ஆய்வோ, கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கான சோதனையே இன்னும் வலுவானது என்று காட்டியது.

2007: விருதுநகரின் பங்கு

2007இல் தமிழ்நாடு நலவாழ்வு முறைத் திட்டம் இரண்டு முன்னோடி முயற்சிகளைத் தொடங்கியது. கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்குத் தேனியும் தஞ்சாவூரும், இதயநோய்த் தடுப்புக்குச் சிவகாசி அடங்கிய விருதுநகரும் சிவகங்கையும் தேர்வாயின. விருதுநகரில் இரத்த அழுத்தம் பார்த்ததோடு, உப்பு, புகையிலை, உடலுழைப்பு பற்றிய விழிப்புணர்வும் பள்ளிகளுக்கும் பணியிடங்களுக்கும் போனது. புகையிலையை விடுவது இதயத்தைக் காப்பதோடு வாயையும் நுரையீரலையும் புற்றுநோயிலிருந்து காக்கிறது. ஆகவே பணியிடத்துக்கே போய் நலவாழ்வு பேசும் வழி இந்த மாவட்டத்துக்குப் புதிதன்று. இரண்டு முயற்சிகளும் பிறகு மாநிலம் முழுவதற்கும் விரிந்தன.

வாசல்வரை வந்தது, ஆலைவரை வரவேண்டியது

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. 2023இல் ஈரோடு, திருப்பூர், கன்னியாகுமரி, ராணிப்பேட்டை மாவட்டங்களில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கான அழைப்பும் வீடு தேடி வந்தது. 2025–26 மாநில நிதிநிலை அறிக்கை 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசியை அறிவித்தது. விருதுநகருக்கு 2022 ஜனவரியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது.

ஆனால் சுகாதாரப் பணியாளர் கதவைத் தட்டும் பகல் வேளையில் வீட்டுக்காரி ஆலையில் இருப்பாள்.

நோய் வந்த பிறகும் கூலிதான் கேள்வி. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் (இ.எஸ்.ஐ.) நீட்டித்த நோய்க்கால உதவி உண்டு. தகுதியுள்ள தொழிலாளிக்குப் புற்றுநோய் வந்தால், ஊதியத்தில் 80 சதவீதம் வரை இரண்டு ஆண்டுகள் கிடைக்கும். ஆலைப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு இது பெரிய ஊன்றுகோல். வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுபவருக்கு இந்த ஊன்றுகோல் இல்லை.

முடிவுரை

மருத்துவமனையிலிருந்து ஊருக்கும் ஊரிலிருந்து வாசலுக்கும் புற்றுநோய்த் தடுப்பு வந்து சேர எழுபது ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு படியிலும் பயன் தந்தது, தூரம் குறைந்ததுதான். மீதியிருக்கும் படி ஆலைவாசல். கூலி பிடிக்காமல் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அங்கேயே சோதனை நடத்தி, குறை தென்பட்டவரை விருதுநகர் அரசு மருத்துவமனையில் சேர்ப்பதுவரை ஆலையும் சுகாதாரத் துறையும் இணைந்து பொறுப்பேற்க வேண்டும். சிகிச்சை முடிந்து திரும்புபவருக்கு அவருடைய வேலை காத்திருக்க வேண்டும். நாட்டின் தீபாவளிக்கு ஒளி தரும் அந்தக் கைகளுக்கு, ஒரு நிமிடச் சோதனை ஒருநாள் கூலியை விலையாகக் கேட்கக் கூடாது.