எம்பிஏ மாணவர் மதிப்பீடு எதை அளக்கிறது? திருச்சியை முன்வைத்து

எம்பிஏ படிப்பின் நிறைகுறைகளை அறிய வேண்டுமானால் படிப்பவர்களையே கேட்டுவிடலாம் என்று உயர்கல்வித் துறை நம்புகிறது. பருவ முடிவில் ஒரு படிவம், கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீடு வரவிருக்கும் ஆண்டில் இன்னொரு படிவம். கிடைத்த எண்கள் பட்டை வரைபடமாகித் தன்மதிப்பீட்டு அறிக்கையில் ஏறிக்கொள்கின்றன. மாணவர் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் அவர் தரும் மதிப்பெண்ணைப் படிப்பின் தரத்துக்கான அளவாக எடுத்துக்கொள்வது தவறு என்பது என் வாதம். அவர் எந்தக் கல்லூரியிலிருந்து வந்தார், எவ்வளவு கடனோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார், எந்தக் கம்பெனி வளாகத்துக்கு வரும் என்று எதிர்பார்க்கிறார் ஆகிய மூன்றையும் சேர்த்து வாசித்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

இதைப் பார்ப்பதற்குத் திருச்சி வாகான ஊர். எம்பிஏ படிப்பின் எல்லா அடுக்குகளும் ஒரே நகரத்தைச் சுற்றி இருக்கின்றன. துவாக்குடியிலுள்ள இன்றைய என்ஐடி, மண்டலப் பொறியியல் கல்லூரியாக இருந்தபோதே, 1978இல், மேலாண்மைத் துறையைத் தொடங்கிவிட்டது. 1982இல் உருவான பாரதிதாசன் பல்கலைக்கழகம் இரண்டே ஆண்டில் பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தை அமைத்தது. ‘பிம்’ என்று அழைக்கப்படும் அது நெடுங்காலம் பெல் கொதிகலன் ஆலையின் வளாகத்துக்குள் இயங்கியது. 2011இல் நாட்டின் பதினோராவது ஐஐஎம் வந்தது. அது சில ஆண்டுகள் என்ஐடி வளாகத்தில் ஒண்டுக்குடித்தனம் இருந்துவிட்டுப் புதுக்கோட்டைச் சாலையில் சூரியூரில் கட்டிய சொந்த இடத்துக்குப் போயிற்று. இவற்றோடு செயின்ட் ஜோசப், ஜமால் முகமது போன்ற பழைய கலைக் கல்லூரிகளின் மேலாண்மைப் பிரிவுகள் இருக்கின்றன. டான்செட் நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஆள் சேர்க்கும் பொறியியல் கல்லூரிகளும் உண்டு. மார்க்கெட்டிங்குக்குக் கோட்லர், நிறுவன நடத்தையியலுக்கு ராபின்ஸ் என்று பாடநூல்கள் எல்லா அடுக்கிலும் பெரிதும் ஒன்றே. குறைகள்தாம் அடுக்குக்கு அடுக்கு வேறாக இருக்கின்றன.

என் காதில் விழுந்தவரை, கடினமான நுழைவுத்தேர்வைத் தாண்டி வந்தவர்கள் மூன்றைச் சொல்லிக் குறைப்படுகிறார்கள்: தூங்க விடாத முதல் ஆண்டு, பொறியாளர்களே நிறைந்த பேட்ச், ஊருக்கு வெளியே கிடக்கும் வளாகம். சென்னையும் பெங்களூரும் தூரம் என்பதால் வருகைதரு விரிவுரையாளர்கள் அடிக்கடி வருவதில்லை என்பது அதன் தொடர்ச்சி. அடுத்த அடுக்கின் பேச்சே வேறு. “கம்பெனியே வரலை சார்” என்பதில் தொடங்கும். கேஸ் என்று பெயர் சொல்லிவிட்டு பிபிடியை வாசித்து முடிக்கிறார்கள், இங்கிலீஷில் எழுந்து பேசக் கூச்சம், இன்டர்னல் மார்க் ஆசிரியர் கையில் இருப்பதால் கேள்வி கேட்கத் தயக்கம் என்று நீளும்.

நிறைகளைக் கேட்டால் ஒரு விசித்திரம் தெரிகிறது. படிக்கும்போது குறையாகச் சொன்ன அதே சங்கதிகள் படித்து முடித்தவர் வாயில் நிறையாக வருகின்றன. தூக்கம் கெட்ட முதல் ஆண்டுதான் வேலையில் தாக்குப்பிடிக்கக் கற்றுத்தந்தது என்கிறார்கள். ஊர்க்கோடி வளாகம்தான் பேட்ச்சைச் சேர்த்துக் கட்டியது என்கிறார்கள். நிறைக்கு ஒரு கட்டம், குறைக்கு ஒரு கட்டம் என்று பிரித்து வைத்திருக்கும் படிவத்தில் இதைப் பதிய இடமில்லை.

மாணவர் மதிப்பெண்ணை அப்படியே நம்ப முடியாததற்கு முதல் காரணம் முந்தைய கல்லூரி. ஒன்றை நல்லது, கெட்டது என்று சொல்ல ஒப்பிடுவதற்கு இன்னொன்று வேண்டும். பணி அனுபவம் உள்ளவர் தாம் பார்த்த அலுவலகத்தோடு வகுப்பை ஒப்பிடுவார். இந்தியாவில் எம்பிஏ சேர்பவர்களில் பெரும் பகுதியினர் பட்டம் வாங்கிய கையோடு வருபவர்கள். அவர்களிடம் இருக்கும் ஒரே அளவுகோல் முந்தைய கல்லூரி. ஆணும் பெண்ணும் பேசிக்கொள்வதற்கே கட்டுப்பாடு வைத்திருந்த பொறியியல் கல்லூரியிலிருந்து வருபவருக்கு வகுப்பில் வாய் திறக்க முடிவதே பெரிய நிறை. நல்ல ஆசிரியர்களிடம் பி.காம் படித்துவிட்டு வந்தவருக்கு முதல் பருவக் கணக்கியல் வகுப்பு நேர விரயம். இருவரும் ஒரே ஆசிரியருக்கு மதிப்பெண் போடுகிறார்கள், நிர்வாகம் சராசரி எடுக்கிறது. மேலாளராக இருந்திராதவருக்கு மேலாண்மையை வகுப்பறையில் புகட்ட முடியாது என்று மேலாண்மை அறிஞர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் 2004இல் ஒரு முழு நூலே எழுதினார். புகட்டியது பயன்பட்டதா என்பதையும் அந்த மாணவரால் அப்போது சொல்ல முடியாது என்று அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம் கடன். 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு மத்திய அரசின் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. அதற்கு மேல் போனால் வங்கிகள் பெரும்பாலும் வீட்டுப் பத்திரத்தைக் கேட்கும். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்றாலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். நான்காம் பருவத்தில் கருத்துப் படிவம் நிரப்பும் மாணவர் அந்த ஓராண்டு முடிவதை எண்ணிக்கொண்டிருப்பவர். ஆஃபர் கையில் இருப்பவருக்கு நூலகம் முதல் மெஸ் வரை எல்லாமே நன்றாக இருக்கும். ‘அன்பிளேஸ்டு’ பட்டியலில் பெயர் இருப்பவருக்கு அதே ஆசிரியர், அதே பாடம் வீண். பிளேஸ்மென்ட் சீசனுக்கு முன்னும் பின்னும் தனித்தனியே கேட்காத எந்தக் கணக்கெடுப்பும் கற்பித்தலையும் வேலைச் சந்தையையும் பிரித்துக் காட்டாது.

அதிகாரபூர்வக் கருவிகள் இந்தச் சிக்கலைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. நாக் அமைப்பின் மாணவர் நிறைவுக் கணக்கெடுப்பில் 21 கேள்விகள். முதல் கேள்வி பாடத்திட்டத்தில் எவ்வளவு நடத்தி முடிக்கப்பட்டது என்பது. வரலாறு படிப்பவருக்கும் எம்பிஏ படிப்பவருக்கும் ஒரே படிவம். தன் சொந்தச் சொற்களில் எழுத மாணவருக்குக் கடைசிக் கேள்வி மட்டுமே இடம் தருகிறது. அறிக்கை தயாரிப்பவர்களுக்கு மிகவும் தொல்லை தருவதும் அதுதான், எண்ணாக மாற்ற வராது. தேசியத் தரவரிசையான என்ஐஆர்எஃப் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் ‘நன்மதிப்பு’ என்ற தலைப்புக்கு 10 விழுக்காடு உண்டு. வேலை தருபவர்களையும் சக கல்வியாளர்களையும் கேட்டு அந்த மதிப்பெண் போடப்படுகிறது. மாணவரைக் கேட்பதில்லை. அவர் வாங்கும் சம்பளத்தின் இடைநிலை மதிப்பு மட்டும் கணக்கில் சேரும்.

மூன்றாவது காரணம் கம்பெனி. மாணவரின் எண்ணத்தைக் கடைசியில் வடிவமைப்பதும் வேலை தருபவர்தான் என்பதற்கு ஐஐஎம்மே சாட்சி. ஐஐஎம் சட்டம் 2018 ஜனவரி 31 அன்று நடைமுறைக்கு வரும்வரை அந்நிறுவனங்களால் பட்டம் தர இயலவில்லை, பட்டயம்தான் தந்தன. திருச்சி ஐஐஎம்மின் தொடக்க கால பேட்ச்களும் பட்டயத்தோடுதான் வெளியேறின. அதே ஊரில் சாதாரணக் கல்லூரி மாணவர் பல்கலைக்கழகம் தந்த முறையான எம்பிஏ பட்டத்தோடு வேலை தேடினார். பட்டயத்தை வேலை தருபவர் தாழ்வாகப் பார்க்காததால் அதை வாங்கியவர் தாழ்ந்துவிட்டதாக யாரும் நினைக்கவில்லை.

கற்பித்தலுக்கு மாணவர் தரும் மதிப்பெண் கற்றலின் அளவோடு ஒத்துப்போவதில்லை என்பதை அயல்நாட்டு ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழக மாணவர்களை வைத்துக் கேரலும் வெஸ்டும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல மதிப்பெண் பெற்ற ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அடுத்த நிலைப் பாடங்களில் பின்தங்கினார்கள். இதைக் காட்டி மாணவர் கருத்தையே ஒதுக்கிவிடத் துடிக்கும் ஆசிரியர்களையும் பார்த்திருக்கிறேன். மதிப்பெண்ணை நம்ப முடியாதிருக்கலாம். குறைகளின் உள்ளடக்கத்தை அதற்காகத் தூக்கியெறிய முடியாது. எல்லா அடுக்குகளிலும் ஒலிக்கும் ஒரு குறை உண்டு: நடைமுறை அனுபவம் கிடைக்கவில்லை. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

என்ஐடி வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் துவாக்குடி சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. 1960களில் பெல் கொதிகலன் ஆலை வந்த பிறகு, அதன் ஆர்டரை நம்பி இப்பகுதியில் நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. அனல்மின் நிலையங்களுக்கான ஆர்டர்கள் 2010களில் வற்றத் தொடங்கியபோது பல பட்டறைகள் வங்கிக் கடனைக் கட்ட முடியாமல் முடங்கின. ஒரே வாடிக்கையாளரை நம்பும் தொழிலுக்கு என்ன நேரும் என்பதற்கு இதைவிட நல்ல கேஸ் எந்த வெளிநாட்டுத் தொகுப்பிலும் கிடைக்காது. காவிரியைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். 156 ஏக்கர், ஏழு பிராகாரம், மார்கழியில் பகல்பத்து இராப்பத்து என்று மூன்று வாரம் நடக்கும் வைகுண்ட ஏகாதசி விழா. சொர்க்கவாசல் திறக்கும் விடியலில் கூட்டத்தை நகர்த்துவது வரிசைக் கோட்பாடு படிப்பவர் நேரில் பார்க்க வேண்டிய பாடம். இராமானுஜர் கோயில் பணியாளரைப் பத்துக் கொத்துகளாக வகுத்ததாக அக்கோயிலின் வரலாற்றேடான கோயிலொழுகு சொல்கிறது. வேலைப் பங்கீடும் பரம்பரை உரிமையும் மோதினால் ஓர் அமைப்பு எப்படிச் சமாளிக்கிறது என்று நூற்றாண்டுக் கணக்கில் பார்க்கக் கிடைக்கும் ஆவணம் அது. ஆனால் நிர்வாக வரலாற்றை ஃபோர்டின் ஆலையிலிருந்து தொடங்குவது நம் வகுப்பறை வழக்கம்.

பாடத்திட்டம் மட்டும் பழியேற்றால் போதாது. துவாக்குடிப் பட்டறையில் எட்டு வாரம் சம்மர் இன்டர்ன்ஷிப் செய்யச் சொன்னால் மாணவர் முகம் சுருங்குகிறது. அனுபவம் என்று அவர் எதிர்பார்ப்பது ரெஸ்யூமேயில் பெயர் சொல்லி எழுதக்கூடிய கம்பெனியின் அடையாள அட்டை. நேர்காணலில் அவரிடம் பட்டறையைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை என்பதால் அந்தக் கணக்கில் பிழையும் இல்லை. பாடத்திட்டமும் மாணவரும் சேர்ந்தே உள்ளூரைத் தவிர்க்கிறார்கள், படிவத்தில் மட்டும் அது நிறுவனத்தின் குறையாகப் பதிவாகிறது.

இந்தக் கணக்குகளில் சிக்காத ஒரு கூட்டமும் உண்டு. காந்தி மார்க்கெட் மண்டி, பெரிய கடைவீதி ஜவுளிக்கடை, மணப்பாறைப் பக்கத்து அரிசி ஆலை என்று குடும்பத் தொழிலுக்குத் திரும்பிப் போகிறவர்கள் பிளேஸ்மென்ட்டுக்கே பதிவு செய்வதில்லை. சம்பளமில்லாததால் இடைநிலைச் சம்பளக் கணக்கில் வரமாட்டார்கள். கம்பெனி வராததைக் குறையாகச் சொல்லவும் மாட்டார்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் கல்லாவில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே நடைமுறை மூலதனம் என்ற பாடம் உதவியதா இல்லையா என்று இவர்களால் சொல்லிவிட முடியும். கடன் நெருக்கடியும் கம்பெனி எதிர்பார்ப்பும் கலக்காத தீர்ப்பு அதுவாகவே இருக்கும். திருச்சியின் மேலாண்மைத் துறைகள் அடுத்த கணக்கெடுப்பை இவர்களிடமிருந்து தொடங்கலாம், படித்து முடித்து ஐந்தாறு ஆண்டு கழித்து, அவர்கள் கடைக்கே போய்.